எங்கள் ஓடைக்குப் பாலம் வந்த விதம்

1

இந்த 1999 செப்டம்பரில் உங்களுக்கும் தேர்தல், எனக்கும் தேர்தல். உங்களுடையது டெல்லிக்கு. என்னுடையது, நார்வேயின் மேற்குக் கரையில் நான் நாலு வருடமாக இருக்கும் இந்த மழை ஊரின் நகராட்சிக்கு. எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடையாது. ஆனாலும் மூன்று வருடம் தொடர்ந்து குடியிருந்தவர்கள் ஊர்த் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. அது எனக்குத் தெரியவந்ததே ஒரு சொல் குழப்பத்தால்தான்.

மீன் சந்தைக்குப் பக்கத்தில் கட்சிக்காரர்கள் கூடாரம் போட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேட்பாளர் ஒருவர், வயதானவர், என்னிடம் ஒரு துண்டுத்தாளை நீட்டினார். "எனக்கு ஓட்டு இல்லை" என்று அவர்கள் மொழியில் சொன்னேன். அந்த மொழியில் ஓட்டுக்கும் குரலுக்கும் ஒரே சொல்தான், ஸ்டெம்மெ. அன்றைக்கு எனக்குச் சளி வேறு பிடித்திருந்தது. அவர் என் தொண்டையைப் பார்த்து இரக்கப்பட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு இருமல் மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். என் எட்டு வயது மகள் யாழினி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நான் சொல்ல வந்ததை அவருக்கு விளக்கினாள். எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அப்படியானால் உங்களுக்கு ஓட்டு உண்டே" என்றார்.

ஓட்டு உண்டு என்று தெரிந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் சரிவுப் பாதையில் விளக்கே இல்லை, பனிக்காலத்தில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது, வழுக்கி விழுகிறோம், ஒரு விளக்குப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன்.

"அது நாலு வருடத் திட்டத்தில் இல்லை. என்னால் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார் அவர், காப்பியை எனக்கு ஊற்றிக்கொண்டே.

நான் விடவில்லை. எங்கள் தெருவில் இத்தனை வீடு, எல்லோரும் உங்களுக்கே போடுவார்கள் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். எந்தத் தெரு யாருக்குப் போடுகிறது என்று தனக்குத் தெரியாது, முழு ஊரும் ஒரே தொகுதிதானே என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் யாழினி கேட்டாள்: "ஏம்மா அவர்கிட்ட லைட் கேட்ட? அவர் எலெக்ட்ரீஷியனா?"

அவளுக்கு என்ன பதில் சொல்வது? ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் விளக்கு கேட்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. தேர்தலுக்கு முந்தைய வாரம் "முடியாது" என்று சொல்லும் ஓர் அரசியல்வாதியை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த ஆச்சரியத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

நான் பிறந்து வளர்ந்தது நூம்பலுக்கும் வேலப்பன்சாவடிக்கும் நடுவில். எழுபது எண்பதுகளில் வயல்களை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்த இடம். எங்கள் நகருக்கும் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கும் குறுக்கே, கூவத்தில் போய்ச் சேரும் ஓர் ஓடை இருந்தது. கோடையில் அதில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் இடுப்பளவு தண்ணீர், சில நாள் மார்பளவு. பள்ளிக்கூடம், பஸ், ஆஸ்பத்திரி, அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலை வேலை எல்லாமே ஓடைக்கு அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். சுற்றிக்கொண்டு போனால் ஒரு மணி நேரம்.

மழைக்காலத்தில் பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அரையாண்டுப் பரீட்சை சரியாக அப்போதுதான் வரும். ஒன்பதாம் வகுப்பில் நான் அரையாண்டு எழுதவேயில்லை. அந்த வருடம்தான் அம்மா வேலை முடிந்து வரும்போது ஓடையில் கால் வழுக்கி விழுந்தாள். முழங்கால் எலும்பு உடைந்து, கட்டுப் பிரித்த பிறகும் கால் நேராக நிற்கவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை அதோடு போயிற்று. "பெரியவ இனிமே ஊட்ல இருக்கட்டும், படிச்சது போதும்" என்று அம்மா சொல்ல ஆரம்பித்தாள். பெரியவள் என்றால் நான்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். பெயர் தேவராஜ். தாத்தா காலம் வரை கூலிக்கு ஏர் பிடித்த குடும்பம். நைனாதான் முதல்முதலில் எஸ்டேட்டில் லேத் பிடித்தவர். கட்சி என்றால் அவருக்கு உயிர். எங்கள் வீட்டு வாசலில் சவுக்குக் கம்பத்தில் கட்சிக் கொடி எப்போதும் பறக்கும். கட்சியின் கிளைச் செயலாளர் முனிரத்தினம் அவருடைய சிநேகிதர். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். தேர்தல் வந்தால் பூத்தில் ஏஜெண்டாக உட்காருவதும் இருவரும்தான். எங்கள் நகரில் ஓட்டு அப்படியே மொத்தமாக அந்தக் கட்சிக்கு விழும். எம்.எல்.ஏ.வும் அந்தக் கட்சிதான்.

அப்படியிருந்தும் பாலம் வரவில்லை. நைனா மனு எழுதி எழுதி எனக்கே அந்த வாசகம் மனப்பாடம். எம்.எல்.ஏ. ஒவ்வொரு முறையும் மனுவை வாங்கிப் படித்து, "செஞ்சிடலாம் தேவராசு" என்பார்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா பழைய வாக்காளர் பட்டியல்களைத் தரையில் பரப்பினார். பூத் வாரியாக எந்தப் பக்கம் எவ்வளவு விழுந்தது என்று ஏஜெண்டுகள் குத்துமதிப்பாகக் குறித்து வைத்த நோட்டு ஒன்று முனிரத்தினம் மாமாவிடம் இருந்தது. அதையும் வாங்கி வந்திருந்தார்.

"இங்க குந்து. ரெண்டு கலர் பென்சில் எடுத்துகினு வா" என்றார் என்னிடம்.

லேத் பிடிக்கிறவர் என்பதால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பொருள் சரியாக வரவில்லை என்றால் மெஷினைத் திட்ட மாட்டார். எங்கே அளவு தப்புகிறது என்று பார்ப்பார். எம்.எல்.ஏ. விஷயத்திலும் அதைத்தான் செய்தார். ஐந்து வருடத்தில் எந்தெந்தத் தெருவுக்குத் தார்ச்சாலை வந்தது, எங்கே குழாய் போட்டார்கள், எங்கே நிழற்குடை கட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தினமும் சைக்கிளில் போகிற வழி, அவருக்கு எல்லாம் தெரியும். நான் பட்டியலில் அந்தந்தத் தெருவுக்குச் சிவப்பு வைத்தேன். பிறகு நோட்டைப் பார்த்து, இரண்டு கட்சிக்கும் ஏறக்குறைய பாதிப் பாதி விழுந்த தெருக்களுக்கு நீலம் வைக்கச் சொன்னார்.

சிவப்பு இருந்த இடத்திலெல்லாம் நீலம் வந்து உட்கார்ந்தது.

எங்களை மாதிரி மொத்தமாகப் போட்ட இடங்களில் எதுவும் இல்லை. எதிர்க்கட்சிக்கு மொத்தமாகப் போட்ட இடங்களிலும் எதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிற தெருக்களுக்குத்தான் தாரும் தண்ணீரும் நிழலும்.

நைனா குனிந்து ஒவ்வொரு தெருவாக விரல் வைத்துப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். முகத்தில் கோபம் இல்லை. பழுது எங்கே என்று கண்டுபிடித்தவரின் முகம்தான் இருந்தது.

"அந்தாளு மேல தப்பில்லம்மா," என்றார். "அவுரு கையில கீறது கொஞ்சம். அத்த எங்க போட்டா ஓட்டு கூடும்னு பாக்குறாரு. நம்ப கிட்ட போட்டா கூடுமா? ஏற்கெனவே மொத்தமும் குத்துட்டோமே."

4

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சென்னையில் நான் நர்ஸ். இங்கே என் படிப்பை ஒப்புக்கொள்ள இன்னும் தாள்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து ஒரு சான்றிதழ் வந்தால், அதைச் சான்றளிக்க இன்னொரு சான்றிதழ் வேண்டும் என்பார்கள். அதுவரை உதவியாளர் வேலை, குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும்.

தேர்தல் சமயத்தில் எங்கள் இல்லத்துக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வந்தார்கள். கேக் கொண்டுவந்தார்கள், பாட்டுப் பாடினார்கள். எல்லாக் கட்சியின் துண்டுத்தாளிலும் முதியோர் இல்லத்துக்குக் கூடுதல் ஆள், கூடுதல் அறை என்று இருந்தது. யாழினியின் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது. அது ஒரு தாளில் மட்டும், அதுவும் கடைசி வரியில் இருந்தது.

என் பொறுப்பில் இருக்கும் எண்பத்தெட்டு வயது அம்மாள் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கேக்கை மென்றுகொண்டே, "நாங்கள் தவறாமல் ஓட்டுப் போடுவோம். குழந்தைகளுக்கு ஓட்டு இல்லையே" என்றார்.

ஆக இங்கேயும் அந்தக் கலர் பென்சில் செல்லும். தெருவுக்குப் பதில் வயதை வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இது தெரிந்ததும், இந்த ஊர் எனக்குக் கொஞ்சம் நெருங்கி வந்த மாதிரி இருந்தது.

5

அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு வருடம் இருக்கும்போது நைனா வாசலில் இருந்த கொடியை இறக்கினார். மடித்து அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வைத்தார். வேறு கொடி ஏற்றவில்லை. கம்பம் வெறுமனே நின்றது. பிறகு வீடு வீடாகப் போய்ப் பேசினார். ஒரே வாரத்தில் எங்கள் நகரில் ஒரு கொடியும் இல்லை.

முனிரத்தினம் மாமா சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"இன்னா மச்சான் இது? அந்தப் பக்கம் போறியா?"

"எந்தப் பக்கமும் போகல. சொம்மா நிக்கிறேன்."

"நம்ப அப்பன் தோள்ல துண்டு போட்டுகினு தெருவுல நடந்ததே இந்தக் கட்சியாலதான்டா. அத்த வச்சி பேரம் பேசுறியா நீ?"

"மச்சான், என் பொண்டாட்டி கால் போச்சு. எம் பொண்ணு படிப்பும் போவப்போவுது. நான் யார்கிட்ட பேசணும், சொல்லு."

"கேக்குற எடத்துல கேக்கணும். கொடிய எறக்கி கேக்கக் கூடாது."

"கொடி ஏத்திகினு எட்டு வருசம் கேட்டேனே."

முனிரத்தினம் மாமா அம்மா வைத்த டீயைத் தொடவில்லை. அந்த டம்ளர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. நைனா அதை எடுத்துப் போய்க் கழுவி வைத்தார். வீட்டில் அவர் பாத்திரம் கழுவி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இருபது நாள்கூட ஆகியிருக்காது. எம்.எல்.ஏ.வின் கார் ஓடையின் அந்தக் கரையில் வந்து நின்றது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, கல்லுக்குக் கல் தாண்டி எங்கள் நகருக்குள் வந்தார். எங்களைத் தேடி அவர் நடந்து வந்தது அதுதான் முதல் தடவை. வெறும் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா தேவராசு, கொடி எங்க?"

"துணி கிழிஞ்சி போச்சு தலைவரே. தைக்கக் குடுத்துகீறேன்."

"எப்ப வரும்?"

"பாலம் வந்தா வரும் தலைவரே."

கூட வந்தவர்கள் முறைத்தார்கள். எம்.எல்.ஏ. சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. எதிரில் இருப்பவன் விளையாட்டைப் புரிந்துகொண்டான் என்று தெரிந்த சிரிப்பு. நைனாவின் தோளில் கை போட்டு ஓடைக்கரை வரை கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார்.

அடுத்த மாதமே ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து நாடா பிடித்து அளந்தார்கள். சித்திரையில் கம்பி கட்டினார்கள். ஐப்பசிக்கு முன்னால் பாலம் தயார். கைப்பிடிச் சுவரில் எம்.எல்.ஏ. பெயர், பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி. நைனா சொன்ன சொல்லைக் காப்பாற்றிக் கொடியை ஏற்றினார். அந்த மழைக்காலத்தில் நான் பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையைக் கால் நனையாமல் போய் எழுதினேன்.

முனிரத்தினம் மாமா மட்டும் அந்த வருடம் முழுவதும் பாலத்தில் ஏறவில்லை. ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டு போனார்.

6

பாலத் திறப்புக்கு அத்தை வந்திருந்தாள். நைனாவின் தங்கை கன்னியம்மா. பூந்தமல்லிக்கு மேற்கே, பஸ் போகாத கொல்லைமேடு என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அதுவும் இதே தொகுதிதான், இதே கட்சிக்கு மொத்தமாக ஓட்டுப் போடும் ஊர்தான். அங்கே பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்பு வரைதான். கட்டடம் இருந்தால் ஒன்பதாம் வகுப்புக்கு அனுமதி தருவதாக மேலே சொல்லியிருந்தார்கள். அத்தையின் மகள் அமுதா என்னைவிட ஒரு வயது சின்னவள். அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் என்னைவிடக் கெட்டி.

கேசரி கொடுத்தார்கள். அத்தை வாழையிலைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றாள்.

"இன்னா கன்னி, துன்னு" என்றார் நைனா.

"ஒன்னு சொல்லட்டா அண்ணா? ஒன்றியத்துல இந்த வருசம் எங்க ஊரு பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு ரூம்பு எழுதிகினு இருந்தாங்கோ. வாத்தியார் போய்ப் பாத்தாரு. அத்த அடிச்சிட்டு இந்தப் பாலத்த எழுதிகீறாங்கோ."

நைனா பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ தெரிஞ்சி செய்யல. எனக்குத் தெரியும். ஆனா அப்படித்தான் ஆயிருக்கு."

எம்.எல்.ஏ. கையில் இருப்பது கொஞ்சம் என்று சொன்னதே நைனாதான். இங்கே சேர்த்தால் வேறெங்கோ குறையும் என்பது மட்டும் அவருக்கும் எனக்கும் தோன்றவேயில்லை. பட்டியலில் சிவப்பு வைத்தபோது, வந்த இடங்களைத்தான் குறித்தோம். வராமல் போன இடங்களுக்கு எங்களிடம் ஒரு நிறம் இல்லை.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் நைனா கொல்லைமேட்டுக்கு சைக்கிள் மிதித்தார். ஒரு முறை என்னையும் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் ஆட்களைக் கூட்டி, "கொடிய எறக்குங்க. வேற ஒன்னும் செய்ய வாணாம்" என்றார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். கொடியை இறக்கவில்லை.

அத்தைதான் காரணம் சொன்னாள். "உங்குளுக்கு எஸ்டேட்டு வேலை கீது அண்ணா. எங்க ஊர்ல பாதிப்பேரு இன்னும் அடுத்தவன் நெலத்துலதான் எறங்குறாங்கோ. கொடி கீறதாலதான் நெலத்துக்காரன் எங்களக் கொஞ்சம் யோசிச்சிப் பேசுறான். அத்த எறக்கிட்டு நாளைக்கு அவன் முன்னாடி எப்படி நிக்கிறது?"

 திரும்பி வரும்போது நைனா சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். என்னை இறங்கச் சொல்லவும் மறந்துவிட்டார். நான் பின்னால் உட்கார்ந்தபடியே வந்தேன்.

அமுதாவை எட்டாவதோடு நிறுத்தினார்கள். எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று நைனா கேட்டார். வயசுப் பெண்ணை அடுத்த வீட்டில் விடுவதா என்று அத்தையின் மாமியார் வீட்டார் மறுத்துவிட்டார்கள். பதினெட்டு முடிவதற்குள் உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் அந்த வருடம் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தேன்.

பாலம் வந்த பிறகு நடந்த அந்தத் தேர்தலில் நைனா யாருக்குப் போட்டார் என்று தெரியாது. விரலில் மையோடு வந்து வாசலில் உட்கார்ந்தவரிடம் அம்மாவே கேட்டாள். "போட்டேன்" என்றார். நைனா போய் ஆறு வருடம் ஆகிறது.

7

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை வேளையில் கொல்லைமேட்டு மளிகைக்கடை நம்பருக்குப் போன் போட்டேன். கடைக்காரர் ஆள் அனுப்பி அமுதாவை வரவழைத்தார். இரண்டாவது முறை போன் போட்டபோது அவளே எடுத்தாள். யாழினியைப் பேசச் சொன்னேன். "சாப்பிட்டீங்களா அத்தை?" என்ற ஒரே வாக்கியத்தை இந்த ஊர் ராகத்தில் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

பதினைந்து வருடமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன். "அமுதா, எங்க பாலத்தாலதான் உன் படிப்பு நின்னுச்சுன்னு எம்மேல கோவம் கீதா?"



"கோவம் இருந்துச்சு. உன் மேல இல்ல, மாமா மேலயும் இல்ல. ஆரு மேலன்னு தெரியாம இருந்துச்சு. அதுதான் பேஜாரு" என்றாள். பிறகு, "ஆனா கட்டடம் வந்துச்சே, தெரியாதா உனக்கு?" என்றாள்.

எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரில் இளவட்டங்கள் சிலர் வேறு கட்சிக்குப் போய், ஓட்டு இரண்டாகப் பிரிந்ததாம். அடுத்த வருடமே இரண்டு அறைகள் வந்துவிட்டன. யாரும் மனுக்கூட எழுதவில்லையாம். இப்போது அவளுடைய மகன் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறான்.

"நீ உள்ள போய்ப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பூத்தே அதுலதான் போடுறாங்கோ. நாலு வருசத்துல மூணு தபா எலக்சன் வந்துச்சே, மூணு தபாவும் போனேன். கதவு மேல 'ஒன்பதாம் வகுப்பு'ன்னு எழுதிகீது. மை வச்சிகினு, குத்திட்டு, வெளிய வர்றதுக்கு முன்னால ஓரமா கீற பெஞ்சுல செத்த நேரம் குந்துவேன். இந்தத் தபா போலீஸ்காரரு, 'ஓட்டு போட்டாச்சுல்ல, கெளம்பும்மா, இன்னா உக்காந்துகினு கீற?'ன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"கால் வலிக்குதுன்னேன்."